கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா

அத்தியாயம் 6

"போலீசுக்கெல்லாம் போக வேண்டாம்னு பாக்கேன். பொம்பளப் பிள்ள வாழ்க்கை பாருங்க. வெளிய தெரியாம அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சிரலாம்" என்றார் சுயம்புலிங்கம்.

தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடைக்கு முதலாளி. கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தாலே கை கூப்பத் தோன்றும். நானும் உள்ளே நுழைந்ததும் கூப்பினேன்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் உமர் ஃபாரூக். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தவர், இப்போது அபிராமபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளர், சைதாப்பேட்டை ஷண்முகப்ரியா. மூளை அவருக்கு, வாய் எனக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

"காணாமப் போன புடவையும் கெடைச்சாச்சு, திருடினவளும் கெடைச்சாச்சுன்றீங்க. அப்புறம் நாங்க எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் உமர் பாய்.

"ஒரு ரிப்போர்ட்டு வேணும். விசாரிச்சதுல இந்தப் பிள்ளதாம்னு உறுதியாச்சுன்னு உங்க லெட்டர்ஹெட்ல நாலு வரி. நாளைக்கு யாரும் கடை மேல பழி சொல்லிரக் கூடாதுல்லா."

விஷயம் இதுதான். முந்தாநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கல்யாணப் பட்டு காணாமல் போனது. அரக்குக் கலர், சாண் அகல ஜரிகை. நேற்று சாயங்காலம் அது ஈக்காட்டுத்தாங்கலில், கடைப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில், தமிழ்நிலா என்ற சேல்ஸ் பெண்ணின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. வார்டன் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து திறக்க, மூன்றாம் மாடி சூப்பர்வைசர் ஆனந்தகுமார் அதை போனில் வீடியோ எடுத்திருந்தான்.

இன்று காலையிலிருந்து அந்தப் பெண்ணை ஐந்தாம் மாடி பேக்கிங் ரூமில் வைத்திருந்தார்கள். எதிரே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். நாலு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத வேண்டியதை அண்ணாச்சியே வாசித்துக் காட்டினார். "புடவையை நான்தான் எடுத்தேன். வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன். கடையில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை."

எழுதினால் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கையில் கிடைக்கும். எழுதாவிட்டால் போலீஸ்.

"சர்டிபிகேட் எங்க இருக்கு?"

"இந்தா, இதுலதாம்" என்று பின்னாலிருந்த பீரோவைத் தட்டினார். "வேலைக்குச் சேரும்போது வாங்கி வெக்கது. எல்லாக் கடையிலயும் உள்ள வழக்கந்தான."

"திருடினவ எதுக்கு அண்ணாச்சி யார் மேலயும் புகார் இல்லைன்னு எழுதணும்?"

"வக்கீல் அப்படித்தாம் எழுதச் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே, நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து நீவி மடித்து வைத்தார். சுத்தமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. இருபது வயதுப் பையன் ஒருத்தன் தலையில் துணிமூட்டையோடு சிரித்தான். நான் பார்ப்பதைப் பார்த்து, "நாந்தாம்மா. வேட்டியும் துண்டும் தலைச்சுமையா வித்துத்தாம் இந்த அஞ்சு மாடி" என்றார்.

* * *

எங்களை மேலே கூட்டிக்கொண்டு போக ஆனந்தகுமார் வந்தான். லிஃப்டில் ஏற்கெனவே ஏழு பேர். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நில்லுங்க மேடம்" என்றான். சொன்னவன், தன் பக்கம் இடமிருந்தும் என் மீதுதான் வந்து நின்றான். அவன் முழங்கைக்கு அட்ஜஸ்ட்மென்ட் தெரியவில்லை. பாய் எனக்கும் அவனுக்கும் நடுவே தன் பெரிய தொப்பையைக் கொண்டுவந்து செருகினார்.

பேக்கிங் ரூமில் தமிழ்நிலா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே நாற்காலி இருந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும். அழுது முடித்து முகம் வெளுத்திருந்தது. ஆனந்தகுமாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"உக்காரும்மா" என்றார் பாய்.

"பழக்கம் இல்ல சார். கடைக்குள்ள உக்காந்தா ஃபைன். பத்து மணி நேரமும் நின்னுக்கிட்டேதான்."

பாய் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நான் எடுக்கல சார். ரெண்டு வாரம் முன்னாடி ஸ்டாக் ரூம்ல ஆனந்தகுமார் சார் கதவைச் சாத்திட்டாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா உன்னை உக்காந்து பார்க்கிற வேலைக்கு மாத்திடறேன்னாரு. கையப் புடிச்சாரு. தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன். மறுநாளே அண்ணாச்சிகிட்ட எழுதிக் குடுத்தேன். படிச்சிட்டு சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. சீசன் முடியட்டும் தாயி, அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னாரு. இல்ல, லேபர் ஆபீசுக்குப் போவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"வீட்ல சொன்னியா?" என்று நான் கேட்டேன்.

"போன் பண்ணேன்க்கா. முழுசா சொல்ல வாய் வரல. வேலை கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொன்னேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மான்னு அம்மாவும் சொல்லிட்டாங்க."

ஒரே வார்த்தை. ஸ்டாக் ரூமில் அவன் சொன்னதற்கும், தொலைவில் அம்மா சொன்னதற்கும் அதே ஐந்தாறு எழுத்து. காலையில் என் வீட்டு ஓனர் தண்ணீர் வராததற்கும் அதைத்தான் சொன்னார். ப்ளவுஸைப் பாழாக்கிய டெய்லரும் அதைத்தான் சொன்னார். தப்பு செய்கிறவன் துடைத்துக்கொண்டு போவதற்கென்றே செய்த அழுக்குத் துணி அது.

"நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு சர்டிபிகேட் சரிபார்ப்பு சார்" என்றாள் தமிழ்நிலா. "அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிருக்கேன். மூணாவது தடவை. ஒரிஜினல் இல்லைன்னா உள்ளயே விட மாட்டாங்க. போலீஸ் கேஸ் ஆனாலும் போச்சு. கையெழுத்துப் போட்டா சர்டிபிகேட் வரும், ஆனா நான் திருடின்னு என் கையாலயே எழுதினதாயிடும். அந்தத் தாளை என்னைக்கு வேணா எடுத்துக் காட்டுவாங்கல்ல?"

பேனாவை எடுத்தாள், வைத்தாள். எத்தனை தடவை எடுத்து வைத்தாளோ.

பாய் தன் போனில், ஆனந்தகுமாரிடம் வாங்கிய வீடியோவைப் போட்டு அவளிடம் நீட்டினார். பெட்டி திறக்கிறது. இரண்டு சுடிதாருக்கு அடியில் அரக்குப் பட்டு. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ. யாரு சார் இப்படி மடிச்சது?"

"ஏம்மா?"

"கல்யாணப் பட்டுக்கு ஜரிகை உள்பக்கம் போவணும். நடுவுல தாள் வெக்கணும். ஜரிகை வெளிய தெரியற மாதிரி மடிச்சா எங்களை ஒரு மணி நேரம் கூட நிக்க வெப்பாங்க. ஒரு நாளைக்கு நூறு புடவை பிரிச்சு மடிக்கிறோம் சார், தூக்கத்துல கூட கை சரியா மடிக்கும்." வீடியோவை நிறுத்தி விரலால் பெரிதாக்கினாள். "இது நீளவாட்டுல, கரை மேல தெரியற மாதிரி மடிச்சிருக்கு. வேட்டிய மடிக்கிற மாதிரி. எங்க மாடியில ஒருத்தரும் இப்படி மடிக்க மாட்டாங்க. நான் திருடியிருந்தாலும் இப்படி மடிச்சிருக்க மாட்டேன்."

பாய் வாயிலிருந்த சோம்பை மெல்வதை நிறுத்தினார். அது நல்ல அறிகுறி.

"ஆனந்தகுமார் இதுக்கு முன்னாடி எந்த மாடி?"

"கீழ வேட்டி செக்‌ஷன் சார். போன வருஷம்தான் மேல வந்தாரு."

நான் பாயைப் பார்த்தேன். அவர் தமிழ்நிலாவிடம், "நாலு மணி வரைக்கும் அந்தப் பேனாவைத் தொடாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

* * *

ஸ்கூட்டர் ஈக்காட்டுத்தாங்கல் போய்ச் சேரும் வரை நான் பேசிக்கொண்டே வந்தேன்.

"கேஸ் முடிஞ்சிச்சு பாய். அந்த முழங்கைக்காரன்தான். பொண்ணு மசியல, மாட்டிவுட்டான்."

"வாய மூடிக்கினு வா. வாசல்லயே நின்னு வீடியோ எடுத்தவன் உள்ள எப்படிப் போய் வெச்சான்?"

"வார்டன அட்ஜஸ்ட் பண்ணிருப்பான்."

"நீயும் அதையே சொல்ல ஆரம்பிச்சிட்டியா? வெள்ளைக்காரன் அதை ஸ்க்ரூவுக்கும் கடியாரத்துக்கும் வெச்சிருந்தான். நம்ம ஆளுங்கதான் மனுஷனுக்கு வெச்சிட்டாங்க. ஒண்ணு கவனிச்சியா ப்ரியா? எவனும் தன்னைப் பார்த்து அதைச் சொல்லிக்க மாட்டான். எதிர்ல இருக்கிறவனைப் பார்த்துத்தான் சொல்லுவான்."

ஹாஸ்டல் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இரண்டு மாடி. கட்டடம் அண்ணாச்சியுடையது. வார்டன் தங்கபுஷ்பம் அக்கா தமிழ்நிலாவின் அறையைத் திறந்து காட்டினார். எட்டுக் கட்டில்கள். பதினாலு பெண்களின் பெட்டிகள்.

"மிச்ச ஆறு பேர் எங்கக்கா படுப்பாங்க?" என்றேன்.

"ரெண்டு ரெண்டு பேரா அட்ஜஸ்ட் பண்ணிப் படுத்துக்கிடுவாளுவ. சின்னப் பிள்ளையதான."

ஜன்னலைத் திறந்தால் பட்டறையின் கருகிய எண்ணெய் நாற்றம். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு செங்கல் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அரக்குப் பட்டை அரைமணிக்கொரு தரம் விரித்துக் காட்டும் பெண்கள் குளிக்கிற இடம் இது.

தமிழ்நிலாவின் பெட்டிப் பூட்டை பாய் லேசாக இழுத்தார். கையோடு வந்தது.

"முந்தாநாளுக்கும் நேத்து சாயங்காலத்துக்கும் நடுவுல வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா அக்கா? ஆனந்தகுமார்?"

"அவனையா? வாசப்படி தாண்ட வுடுவனா? வெளியாளு ஒரு ஈ காக்கா வரல சார். எம் பிள்ளைக மாதிரி பாத்துக்கிடுதேன்."

தங்கபுஷ்பம் அக்கா பொய் சொல்லும் முகமில்லை. பதினாலு பேரை எட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு எம் பிள்ளைகள் என்று நம்பிச் சொல்கிற முகம். எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. பாய் படியிறங்கும்போது, "வெளியாள் வரல" என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

* * *

மூன்றே முக்காலுக்கு அண்ணாச்சியின் அறையில் இருந்தோம். பாய் அந்த அரக்குப் பட்டைக் கொண்டுவரச் சொல்லி மேஜை முழுக்க விரித்துப் போட்டார். தமிழ்நிலாவையும் கூப்பிட்டார். அவள் கதவோரம் நின்றாள், கையில் எழுதாத தாள். நான் என் போனை அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து வீடியோவைத் தட்டிவிட்டேன். அது எங்கள் தொழிலின் பழக்கம்.

"ஆனந்தகுமார், இதைக் கொஞ்சம் மடிச்சு வைப்பா. வெச்சிக்கினே பதில் சொல்லு. புடவை காணாமப் போன அன்னைக்கு நீ எங்க இருந்த?"

நான் அவன் கையைப் பார்த்தேன். அவன் பதில் சொல்லிக்கொண்டே மடித்தான். ஜரிகை உள்ளே. தாளைத் தேடி எடுத்து நடுவே வைத்தான். நாலே மடிப்பு, கடைப் பொம்மைக்குக் கீழே வைக்கலாம் போல.

"வேட்டி செக்‌ஷன்ல இருந்தவன் பட்டை இவ்ளோ நல்லா மடிக்கிறியே?"

"அங்க நான் சூப்பர்வைசர் சார், துணிய தொட்டதே இல்ல. கத்துக்கினது காஞ்சிபுரத்துல. பன்னெண்டு வருஷம் பட்டுக் கடை."

என் முகம் தொங்கியது. கெட்டவன்தான். ஆனால் இந்தக் கெட்டதைச் செய்தவன் இவன் இல்லை.

பாய் அலட்டிக்கொள்ளவில்லை. மடித்த புடவையை எடுத்து உதறி மறுபடி மேஜை மீது போட்டார். பையிலிருந்து லெட்டர்ஹெட்டை உருவினார். "சரி அண்ணாச்சி. சுத்தி வளைச்சு என்ன ஆவப்போவுது? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

கதவோரம் தமிழ்நிலாவின் கண் நிறைந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் தன்னை முடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. "எழுதுங்க. மேற்படி கடையில் பணிபுரிந்த..." என்று ஆரம்பித்தார். மேஜை மீது பிரிந்து கிடந்த துணி அவருக்கு உறுத்தியது. சொல்லிக்கொண்டே அதை இழுத்தார். "தமிழ்நிலா என்பவர், பட்டுப்புடவையைத் தமது பெட்டியில்..." நீளவாட்டில் ஒரு மடிப்பு. இன்னொன்று. கரையை மேலே கொண்டுவந்து, கட்டை விரலால் ஓரத்தை நீவி, குறுக்கே இரண்டாக மடித்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு. ஜரிகை வெளியே பளபளத்தது.

வேட்டி.

பாய் பேனாவை மூடினார். தன் போனில் நேற்றைய வீடியோவை நிறுத்தி, மேஜையில் அந்த மடிப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"அண்ணாச்சி... நீங்களா?" என்றாள் தமிழ்நிலா.

"ஒரு மடிப்ப வெச்சு என்னத்தச் சொல்லுதிய?" அண்ணாச்சியின் குரல் பிசிறியது.

பாய் தங்கபுஷ்பத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அக்கா, நேத்து காலையில அண்ணாச்சி ஹாஸ்டலுக்கு வந்தாரா?"

"ஆமா சார். தண்ணித் தொட்டி பாக்க வந்தாவ. ரூமெல்லாம் தனியா சுத்திப் பாத்தாவ. பிள்ளையெல்லாம் கடைக்குப் போயிட்டு."

"நான் கேட்டப்ப யாரும் வரலைன்னீங்களே?"

"வெளியாள்னுதான கேட்டிய. அவிய கட்டடம், அவிய வருவாவ."

பாய் போனை அணைத்தார். ஆனந்தகுமார் நழுவப் பார்த்தான். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி அங்கேயே நில்லுடா என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையை என் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி திருநீற்றைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இவன் இல்லாம சீசன்ல மூணாம் மாடி ஓடாது சார். இருநூறு குடும்பம் சாப்பிடுது. இந்தப் பிள்ள லேபர் ஆபீசு, அங்க இங்கன்னு போனா கடை பேரு என்ன ஆவுது? அவ கெட்டுப் போவணும்னு நெனைக்கலியே. சர்டிபிகேட்டத் தந்து ஊருக்கு அனுப்பிரணும்னுதாம் பாத்தேன். நல்லது கெட்டது தெரிஞ்சவுக, நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா..."

ஆனந்தகுமாராவது பார்த்த உடனே அருவருப்பு வருகிற ஆள். எச்சரிக்கையாக இருக்கலாம். இவர் கும்பிட வைத்துவிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் சுடிதாருக்கு அடியில் தன் கையால் புடவையைத் திணித்தவர். காலையில் கூப்பிய என் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். போதவில்லை.

"பீரோ சாவி" என்றார் பாய்.

அண்ணாச்சி அலமாரியில் சாய்ந்திருந்த என் போனை அப்போதுதான் பார்த்தார். சாவி மேஜைக்கு வந்தது.

தமிழ்நிலா தன் பிளாஸ்டிக் ஃபைலைத் தேடி எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, ஜாதிச் சான்றிதழ். எல்லாம் இருந்தன. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அந்தப் புடவையைப் பிரித்தாள். ஜரிகையை உள்ளே தள்ளி, நடுவே தாள் வைத்து, நாலு மடிப்பில் முடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதை நீங்க தொடாதீங்க அண்ணாச்சி. உங்க கை பட்டா ஜரிகை கறுத்துடும்."

கத்தவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

* * *

ஐந்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தோம். மேஜைக்குப் பின்னாலிருந்த சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் வீடியோக்களைப் பார்த்தார், தமிழ்நிலா சொன்னதைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் நிஜமான பரிவு இருந்தது.

"நாளைக்குக் காலையில உனக்கு சர்டிபிகேட் சரிபார்ப்புன்ற. சர்டிபிகேட்டும் கைக்கு வந்துடுச்சு. எஃப்.ஐ.ஆர்.னு போனா ராத்திரி ஆயிடும், அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும். பேசாம கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி..."

நான் வாயைத் திறந்தேன். பாய் என் காலை மிதித்தார்.

தமிழ்நிலா சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராத்திரி ஆகட்டும் மேடம். எழுதுங்க" என்றாள்.